கால் ஊன்றாதவர்

கம்பம் பள்ளத்தாக்கில் ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கண்ணில் படும் ஓர் இனத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கால் ஊன்றாதவர் என்று பெயர். தலையில் ஹெல்மெட், தொடையைக் கவ்விய அரை டிரவுசர், வெயில் வருமுன்பே கறுப்புக் கண்ணாடி. சமதளத்தில் அவரும் நம்மைப் போலத்தான் சைக்கிள் மிதிப்பார். மலை தொடங்கும் இடத்தில்தான் அவருடைய குணமும் தொடங்கும்.

உத்தமபாளையத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் சம்சுதீன் இதில் உயர்ந்த ரகம். மூச்சு வாங்குவதற்காக அவர் நின்றதே கிடையாது. இயற்கையை ரசிக்க நின்றிருக்கிறார். செயினில் என்னமோ சத்தம் என்று நின்றிருக்கிறார். கீழே தெரியும் திராட்சைத் தோட்டத்தைப் படம் பிடிக்க நின்று, படம் சரியாக விழவில்லை என்று அடுத்த வளைவிலும் நின்றிருக்கிறார். அப்போதும் கால் தரையில் படாது. இரண்டு காலும் பெடலில் இருக்க, ஒரு கை மட்டும் சாலையோரச் சுவரைப் பிடித்திருக்கும். “கால் ஊனுனாத்தான் நின்னதா அர்த்தம். கை ஊனுனா அது ஓட்டத்துல சேத்தி” என்பது சட்டம். இயற்றியவர் யார்? அவரேதான்.

இப்படிப்பட்டவர் கம்பத்தில் மாமியார் வீட்டு விருந்தில், பிரியாணி கொடுத்த தைரியத்தில், மனைவியின் தம்பி தௌபீக்கிடம் வாயை விட்டார். “கம்பம்மெட்டு மலைய ஏறி முடிக்கிற வரைக்கும் கால் ஊனமாட்டேன் மாப்ள. ஊனுனா இந்தச் சைக்கிள் ஒனக்கு.”

மனைவி சாஜிதாவைக்கூடத் தொடவிடாமல் போர்வை போர்த்தி வைத்திருக்கும் சைக்கிள் அது. தௌபீக் அன்றைக்கே அதற்கு வேறு பெயின்ட் யோசிக்க ஆரம்பித்துவிட்டான்.

ஞாயிறு காலை இருவரும் கிளம்பினார்கள். தௌபீக் மலை தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே இறங்கி, வெட்கமே இல்லாமல் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்தங்கினான். சம்சுதீன் ஏறினார். வளைவுக்கு வளைவு சுவர் இருந்தது, இயற்கையும் இருந்தது. பிறகு ஒரு வளைவில் சுவர் முடிந்துபோயிற்று. சைக்கிள் சாய்ந்தது; இன்னும் ஒரு நொடியில் கால் ஊன்றியாக வேண்டும், சைக்கிள் தௌபீக்குக்குப் போய்விடும். அந்த நேரம் பார்த்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலையாட்களை ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப் முக்கி முனகி அவரைக் கடந்தது. கை தானாகப் போய் அதன் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டது.

“ஏன் பாய், பஞ்சரா?” என்றாள் ஜீப்பின் பின்னால் உட்கார்ந்திருந்த மலையம்மாள்.

“இல்லத்தா. காத்தாட வாரேன்.”

“அப்பக் கைய விட்டுட்டு வாங்களேன்.”

“விட்டா ஜீப்பு பின்னால உருண்டுரும்த்தா!”

ஜீப் முழுக்கச் சிரித்தது. ஓட்டுநர் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியில் பார்த்துப் பார்த்து மெதுவாகவே ஓட்டினார்.

உச்சியில் டீக்கடை. சூடேறிய ஜீப்பும் ஆறுவதற்காக அங்கேயே நின்றிருந்தது. தௌபீக் வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தபோது சம்சுதீன் இரண்டாவது டீயில் இருந்தார்.

“கால் ஊனுனீகளா மச்சான்?”

“என்னயக் கேக்காத. இவுகளக் கேளு.”

மலையம்மாள் கிளாஸைக் கீழே வைத்தாள். “சும்மா சொல்லக்கூடாது தம்பி. நாங்க பாத்த வரைக்கும் பாய் காலை ஊனவே இல்ல. எங்க ஜீப்பத்தான் விடல.”

“கேட்டியா மாப்ள! ஊனவே இல்லையாம்!” என்றார் சம்சுதீன். இரண்டாவது பாதி அவர் காதில் ஏறவில்லை.

“கேட்டேன் மச்சான். சைக்கிள் ஒங்களுக்குத்தான். ஜீப்ப எப்ப வாங்கப்போறீக?”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன வாரம் லிஃப்ட் ஓடாத நாளில், மாடிப்படியில் பாதி தூரத்தில் நின்று, அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டீர்களே, அழைத்தது யாராம்?