வெளியே போக மூன்று ரூபாய்

மதுரை,
16-8-1978

சிரஞ்சீவி சீதாராமனுக்கு அத்திம்பேர் ஹாலாஸ்யம் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதியது. என் இடது காது நீங்கலாக இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் சௌக்கியத்துக்கு மறக்காமல் எழுதவும்.

போன தீபாவளிக்கு உன் மருமான் கைலாசத்துக்கு ஒரு கிடார் வாங்கிக் கொடுத்தாயே, அது செய்திருக்கிற காரியத்தைக் கேள். அவன் கிடார், கோரிப்பாளையத்து அப்துல் அலீம் டிரம்ஸ். இவர்கள் போடுகிற 'ராக்' சத்தத்துக்கு ரசிகர்கள் என்று கல்லூரிப் பையன்கள் அறுபது பேர். ஆடிக் காற்றில் ஒத்தக்கடைப் பக்கம் காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கூரை பறந்துபோய், பாவம், குழந்தைகள் வெயிலில் உட்கார்ந்து படிக்கின்றன. அங்கே டீச்சராக இருக்கும் சுந்தரம்மாள் நம் தெருதான். அவள் வந்து அழுததும் நிதிக் கச்சேரி செய்வதென்று பையன்கள் முடிவுகட்டினார்கள். டிக்கெட் என்ன விலை என்று சண்டை பிடித்தது நம் வீட்டுக் கூடத்தில், ஆறு நாள், உன் அக்கா அகிலாண்டம் போட்ட காப்பியைக் குடித்துக்கொண்டு.

"தர்மத்துக்குன்னா பத்து ரூபா வைக்கணும். இருக்குறவன் வரட்டும்" என்றான் அலீம்.

"பத்து ரூபாய்க்கு நான் நாலு படம் பாப்பேன் மாப்ள. நம்ம ஆளுக ஒருத்தன் உள்ள வர முடியுமா? டிக்கெட்டே வேணாம், உண்டியல் வையி" என்றான் நல்லகாமன். ரசிகர்களுக்கு இவன்தான் தலைவன்.

"உண்டியல்ல செல்லாக் காசுதான் விழும்."

"அப்ப நிதிக் கச்சேரின்னு சொல்லாத. பணக்காரக் கச்சேரின்னு சொல்லு."

ஆறாம் நாள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். கூரையும் வராது, காப்பிப்பொடியும் மிஞ்சாது என்று தோன்றவே, புத்தி கெட்டுப்போய் நான் வாயைத் திறந்தேன். "உள்ளே வர இலவசம். வெளியே போக மூணு ரூபாய். கடைசிவரைக்கும் உட்கார்ந்து கேட்கிறவாளுக்கு அதுவும் இல்லை." பிடித்த சட்டையை விட்டார்கள். பிறகு நல்லகாமன் பணிவாகக் கேட்டான்: "ஐயா, பத்திர ஆபீஸ்ல எம்புட்டு வருசம் இருந்தீங்க?" முப்பத்திரண்டு என்றேன். "அதான்" என்றான்.

ஆடி மாதம் என்பதால் கல்யாண மண்டபம் ஒன்று சும்மா கிடந்தது. வாடகை வேண்டாமென்று கொடுத்தார்கள். 'மேல்நாட்டுச் சங்கீதக் கச்சேரி, அனுமதி இலவசம்' என்று நோட்டீஸ் அடித்து, வெளியே போகிற விஷயத்தை அடியில் பொடி எழுத்தில் போட்டேன். அடியில் இருப்பதை யாரும் படிப்பதில்லை என்பது என் சர்வீஸில் கண்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஓசிக் கச்சேரி என்று நாலு தெரு ஜனம், தூங்குகிற குழந்தை முதற்கொண்டு, மண்டபம் நிறைய வந்து உட்கார்ந்தது. அலீம் முதல் அடி அடித்ததும் மேலே இருந்த புறாவெல்லாம் போய்விட்டது, அதற்குக் கட்டணம் கிடையாது. இரண்டாவது பாட்டில் ஜனம் எழுந்தது. வாசலில் மேஜை போட்டு நான் உட்கார்ந்திருந்தேன். "சார், காசு நாளைக்குத் தாரேன், இப்ப என்னைய விடுங்க" என்று கெஞ்சினவர்களிடம் அப்படியானால் உள்ளே போய் மிச்சப் பாட்டையும் கேளுங்கள் என்று சொன்னேன், உடனே கொடுத்தார்கள். அந்த வரிசையில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உன் அக்காவும் வந்தாள். ஊரார் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் எப்படி விடுவது, நீயே சொல். மூன்று ரூபாய் வாங்கிக்கொண்டேன். சில்லறையும் சரியாகக் கொடுத்தேன். அன்றிலிருந்து எனக்கும் அவளுக்கும் பேச்சு, சாம்பார் வேண்டுமா வேண்டாமா என்ற அளவில்தான்.

கடைசியில் உள்ளே ரசிகர்களும், முன்வரிசையில் அந்தப் பள்ளிக்கூடத்துக் குழந்தைகள் முப்பது பேரும்தான் மிச்சம். குழந்தைகள் மேடைப் பலகையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சிரிக்கின்றன. "டிரம்ஸ் கைக்குத் தெரியுது சார்" என்றாள் சுந்தரம்மாள். நானும் எழுந்து போய்க் கையை வைத்துப் பார்த்தேன். தெரிந்தது.

முடிந்ததும் ரசிகர்கள் கூடி மறுபடி சண்டை. "பிடிக்காதவன் காசு குடுத்துட்டான். பிடிச்ச நாம ஓசியில போறதா? ஊர்ல காறித் துப்புவாங்கடா" என்று சொல்லி, டிக்கெட்டே கூடாது என்ற நல்லகாமன்தான் முதல் ஐந்து ரூபாயை வைத்தான். பத்து ரூபாய்க்காரன் அலீம் சட்டைப் பையில் நாற்பது பைசா இருந்தது. அதையும் வாங்கிக்கொண்டேன். கூரைக்கு வேண்டியதற்கு மேலேயே சேர்ந்துவிட்டது, நேற்று தகடு வந்து இறங்கியாயிற்று.

ஆனாலும் சீதாராமா, என்னால் இனி முடியாது. தெருவில் ஒருவரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. மளிகைக்கடைக்காரன், நான் கடையைவிட்டு வெளியே போக மூன்று ரூபாய் கேட்கிறான். நீ உடனே கைலாசத்துக்குக் கண்டிப்பாக ஒரு கடிதம் போட்டு, அந்தக் கிடாரைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகவும். உன் அக்காவின் மன அமைதி உன் கையில் இருக்கிறது.

உன் ஆத்துக்காரிக்கும் குழந்தைகளுக்கும் மீனாட்சி சகல மங்களத்தையும் அருளட்டும்.

இப்படிக்கு,
ஹாலாஸ்யம்

பி.கு.: மேலே எழுதியதை அகிலாண்டம் படித்து, இன்னும் கொஞ்சம் கடுமையாக எழுதியிருக்கலாம் என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறாள். கைலாசத்துக்கு ஒன்றும் எழுதிவிடாதே. கிடார் தந்தி இரண்டு செட் அனுப்பவும். அடுத்த மாதம் நாகமலை புதுக்கோட்டையில் கச்சேரி, கிலுகிலுப்பை மாதிரி ஒன்றை ஆட்ட மேடையில் ஆள் குறைகிறது. அலீம் என்னைப் பிடித்துக்கொண்டான், என் கையில் தாளம் நன்றாக நிற்கிறதாம். கூடவே பெல்பாட்டம் ஒன்று, இடுப்பு முப்பத்தெட்டு. பார்சலின் மேல் 'மூலத்துக்கு மருந்து' என்று எழுது, அவள் பிரிக்க மாட்டாள்.