ஏழாம் எண்ணும் பத்தொன்பதாம் எண்ணும்

மதிப்பிற்குரிய சுற்றுலா ஆய்விதழ் ஆசிரியர் ஐயா அல்லது அம்மா அவர்களுக்கு (யாரென்று தெரியாததால் இரண்டையும் எழுதிவிட்டேன்), வணக்கம்.

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன், ஆனாலும் வரி முடிவதற்குள் எழுத்துகள் கோட்டைவிட்டு இறங்கி நடக்கத் தொடங்கிவிடுகின்றன. 'ழ' வரும் இடங்களில் தாள் கிழிந்திருந்தால் அவமரியாதை என்று நினைக்க வேண்டாம், கை அழுத்தம் அப்படி. எழுதக் கற்று எட்டு மாதம்தான் ஆகிறது. நூலகத்தில் நடக்கும் மாலை வகுப்பில் கற்றேன். பேனா மட்டும் பழையது. படகுத்துறையில் பெட்டி தூக்கிய காலம் முழுவதும் அது என் சட்டைப் பையில் இருந்தது. போன மாதம்தான் முதல்முறையாக ரீஃபில் போட்டேன். நீங்களும் உங்கள் வீட்டாரும், கட்டுரைகளைத் திருப்பி அனுப்பும் மற்ற பெரியவர்களும் நலமாக இருக்க வேண்டும்.

என் மருமகள் கல்லூரியில் சுற்றுலாப் பாடம் நடத்துகிறாள். தற்காலிக வேலை. உங்கள் இதழில் அவள் கட்டுரை வந்தால் வேலை நிரந்தரமாகும், வராவிட்டால் அடுத்த ஆண்டு அவள் நாற்காலியில் வேறு யாராவது உட்காருவார்கள். ஒருமுறை அனுப்பினாள், திருத்தச் சொன்னீர்கள். மறுபடி அனுப்பினாள், மறுபடியும் திருத்தச் சொன்னீர்கள். வருகிற வெள்ளிக்கிழமை கடைசி நாள். கட்டுரையைப் படித்துப் பார்த்த உங்கள் ஆட்கள் இருவரில் முதலாமவர் நல்ல மனிதர், பாராட்டியிருக்கிறார். இரண்டாமவர்தான், "உங்கள் ஆய்வில் உள்ள குறையை நீங்களே எழுதுங்கள்" என்று கேட்டிருக்கிறார். தன் சமையலில் குறை என்ன என்று யாராவது தானே சொல்வார்களா? ஒரு வாரமாக அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து என்னால் உட்கார முடியவில்லை. கூடத்திலிருந்து வாசலுக்கும் வாசலிலிருந்து கூடத்துக்கும் நடக்கிறேன். "அப்பா, கொஞ்சம் உக்காருப்பா, தரை தேயுது" என்கிறான் மகன்.

சும்மா நடப்பானேன், உதவலாமே என்று நினைத்ததில்தான் வினை ஆரம்பித்தது. உங்கள் விதிகளை அவள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தாள், நான் தண்ணீர் எடுக்கும்போதெல்லாம் ஒவ்வொரு வரியாகப் படித்தேன். எழுதியவர் யார் என்பது படித்துப் பார்ப்பவருக்குத் தெரியக் கூடாது என்று இருந்தது. சரி என்று வீட்டு வாசலில் இருந்த அவள் பெயர்ப் பலகையைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்தேன், இரண்டாமவர் நேரில் வந்து பார்த்தாலும் பார்ப்பார் என்று; அதனால் கூரியர்காரர் மூன்று நாள் வந்து வீடு தெரியாமல் திரும்பிப் போக, அவள் கேட்டிருந்த புத்தகம் ஊரெல்லாம் சுற்றிவிட்டு வந்தது. அடுத்து, எட்டாயிரம் சொற்களுக்கு மேல் கூடாது என்று இருந்ததால் அவள் எடுத்து வைத்திருந்த பிரிண்டை வைத்துக்கொண்டு நூறு சொல்லுக்கு ஒரு தீக்குச்சி என்று எண்ண ஆரம்பித்தேன், மூன்றாம் நாள் அறுபத்திரண்டாவது குச்சியில் மகன் வந்து "அப்பா, டீ போடட்டா?" என்று கேட்டான், போடு என்று சொல்லிவிட்டுத் திரும்பினால் எந்தச் சொல்லில் நின்றேன் என்று தெரியவில்லை. மருமகள் கம்ப்யூட்டரில் ஏதோ ஒன்றைத் தட்டி, "ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் மாமா, விடுங்க" என்றாள். கோபமே படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கட்டுரை எங்கள் படகுத்துறையைப் பற்றியது. வருகிற பயணிகளுக்கு யார் வழி சொல்கிறார்கள் என்று, இரண்டு வருடம் முன்பு அவளுடைய மாணவி ஒருத்தி அங்கே வேலை செய்யும் நாற்பது பேரிடம் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டாள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்தான் அதிகமாக வழி சொல்கிறார்கள், சரியாகவும் சொல்கிறார்கள் என்பது முடிவு. உண்மைதான். படிக்கக் கற்ற புதிதில் படகுத்துறைக்குப் போய், போர்டைப் பார்த்துக் குடும்பம் ஒன்றுக்குக் கழிப்பறைக்கு வழி சொன்னேன். அம்புக்குறி திரும்பியிருந்தது. டீசல் கிடங்கு வரை போய்வந்து திட்டினார்கள்.

கட்டுரையின் கடைசியில் ஓர் அட்டவணை இருக்கிறது. நாற்பது பேருக்கும் பெயர் இல்லை, எண் மட்டும்தான். "இதுல நான் யாரும்மா?" என்று கேட்டேன்.

"சொல்லக் கூடாது மாமா. யாருக்கு எந்த எண்ணுன்னு வெளிய தெரியக் கூடாது, அதான் விதி."

"நான் வெளியாளா?"

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதான் மாமா."

சரி, நானே கண்டுபிடித்துக்கொள்கிறேன் என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வைத்துப் படித்தேன். 'ஏழு. ஆண். வயது எழுபது. சுமை தூக்குபவர். நாற்பத்தொரு வருடம். எழுதப் படிக்கத் தெரியாது.' நானேதான்! வயது எனக்கே உறுதியில்லை, அதனால் எழுபது பொருந்துகிறது. கடைசிச் சொற்களை எழுத்துக்கூட்டிப் படித்தேன் ஐயா. படித்து முடித்த நிமிடமே அவை பொய்யாகிவிட்டன. இது அச்சில் வந்தால், நூலகத்தில் என் வகுப்புக்காரர்கள் எல்லோரும் படிப்பார்கள். படிக்கத் தெரிந்தவர்களாயிற்றே!

இன்னும் கீழே போனால் பத்தொன்பது. ஆண், அறுபத்தெட்டு, சுமை தூக்குபவர், நாற்பது வருடம், எழுதப் படிக்கத் தெரியும். யார் இந்தப் புளுகன்? படகுத்துறையில் பெட்டி தூக்கியவர்கள் இரண்டே பேர், நானும் என் சிநேகிதன் நெட்டையும். நெட்டை இன்றைக்கும் பேருந்தை நிறம் பார்த்துத்தான் ஏறுகிறான். ஒரு படிக்கும் பெண்ணின் முகத்துக்கு நேரே இப்படிச் சொல்ல அவனுக்கு எப்படி மனம் வந்தது? ஆனால் வருடக் கணக்கை மட்டும் சரியாகச் சொல்லியிருக்கிறான். எனக்கு ஒரு வருடம் முன்பே வந்தவன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்வான், யாரும் நம்புவதில்லை.

மருமகளிடம் மாற்றச் சொன்னேன். "ஒரு எண்ணை மாத்தினா எல்லாக் கூட்டலும் மாறும் மாமா, பத்துப் பக்கம் திருப்பி எழுதணும். வெள்ளிக்கிழமைக்குள்ள செத்துப்போவேன்" என்றாள். அவள் வேலைக்கு என்னால் கேடு வரக் கூடாது. ஆகவே நானே யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். ஏழாம் எண்ணுக்குத் 'தெரியும்' என்றும், பத்தொன்பதாம் எண்ணுக்குத் 'தெரியாது' என்றும் நீங்களே மாற்றிவிடுங்கள். கூட்டல் அப்படியே இருக்கும், உண்மையும் பிழைக்கும், நெட்டைக்கும் ஒரு பாடம். கட்டுரையின் தலைப்பை நான் சொல்லமாட்டேன், விதி இருக்கிறது. தேடினால் கிடைக்கும்.

உங்கள் கைகளில் மை காயாமல் இருக்கட்டும், கண்ணாடியின் பவர் ஏறாமல் இருக்கட்டும். இரண்டாமவருக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள், கொஞ்சம் தள்ளி நின்று. நான் முதலில் எழுதக் கற்றது என் பெயரைத்தான். ஆனாலும் பெயர் தெரியக் கூடாது என்பதால் போடாமல் விடுகிறேன், அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குப் புரியும்.

இப்படிக்கு,
ஏழாம் எண்

பின்குறிப்பு: இன்று வெள்ளிக்கிழமை. மேலே உள்ளதை எழுத ஆறு நாள் ஆனது. காலையில் தபாலில் சேர்க்கக் கிளம்பியவன், நெட்டையை இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்று படகுத்துறைக்குப் போனேன்.

"ஏன்டா, படிக்கத் தெரியும்னு பொய் சொன்னே?"

"யாரு, நானா? அந்தப் பொண்ணு கேட்டப்ப நான் உன் பக்கத்துலதானடா நின்னேன். நான் தெரியாதும்மான்னேன். நீதான் பையில இருந்து பேனாவ உருவிக் காட்டி, 'இது என்ன, பல்லு குத்தவா'ன்னு கேட்டே. மறந்துபோச்சா?"

மறந்துதான் போயிருந்தது. அவன் சொன்னதும் பேனாவின் மூடிகூட ஞாபகம் வந்துவிட்டது. பத்தொன்பது நான்தான் ஐயா. ஏழு நெட்டை. வேலையில் அவன்தான் ஒரு வருடம் மூத்தவன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வேகமாக வீட்டுக்கு வந்தேன். மருமகள் இன்னும் அந்த ஒரு குறைக்காகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, பத்தொன்பது சொன்னது பொய்யாம். வெக்கத்துல தெரியும்னுட்டானாம்" என்றேன்.

"பத்தொன்பது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா மாமா?"

"சொல்லக் கூடாதும்மா. விதி."

என்னைப் பார்த்தாள். என் சட்டைப் பையைப் பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டே தட்ட ஆரம்பித்தாள்: 'எழுதப் படிக்கத் தெரியாத சிலர் வெட்கத்தால் தெரியும் என்று சொல்லியிருக்கலாம், இது இந்த ஆய்வின் குறை.' இரண்டாமவர் கேட்டது கிடைத்துவிட்டது. மதியம் அனுப்பியும் விட்டாள். இரண்டு மணிக்கு நானும் உட்கார்ந்துவிட்டேன்.

ஆகவே, அட்டவணையில் எதையும் மாற்ற வேண்டாம். பத்தொன்பதாம் எண் அன்று சொன்னது பொய், இன்று உண்மை. ஆறு நாள் எழுதியதைக் கிழிக்க மனம் வராததால் அனுப்புகிறேன், படித்துவிட்டு மறந்துவிடுங்கள். கட்டுரையை மட்டும் சீக்கிரம் அச்சில் போடுங்கள். ஏனென்றால், அட்டவணையில் தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று நெட்டை கேட்டான், சொன்னேன். இன்று மாலையே நூலக வகுப்பில் சேர்ந்துவிட்டான். முதல் நாளே 'ஈ' வரை வந்துவிட்டான், என்னைவிடச் சூட்டிகை. ஏழாம் எண் இப்போது எந்த எழுத்தில் நிற்கிறது என்று அடுத்த வாரம் எழுதுகிறேன்.