உள்ளே விடாத கம்ப்யூட்டர்

இந்த வீட்டில் எனக்கென்று ஒரு பூட்டாவது இருக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டு ஒரு வீர முடிவு எடுத்தேன்.

நான் சூசைநாதன். கப்பல் பழுது பார்க்கும் பட்டறையில் வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேன். ஆங் மோ கியோ என்ற பேட்டையில் ஒன்பதாவது மாடி வீடு. ஃபிரிட்ஜில் எந்தத் தட்டில் எது இருக்க வேண்டும் என்பது முதல், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு நான் எந்தச் சட்டை போட வேண்டும் என்பது வரை என் மனைவி அல்போன்சம்மாளின் ஆட்சி. எதிர்க்கட்சி கிடையாது. நான் அடிமட்டத் தொண்டன்.

அந்தச் சமயத்தில்தான் ஆபீசில் ஒரு பழைய யூனிக்ஸ் கம்ப்யூட்டரை, வீட்டில் வைத்து வரையச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். போட்டவுடன் திரை நடுவில் அழகாக ஒரு பெட்டி வரும். பேர் கேட்கும். பாஸ்வேர்டு கேட்கும். சரியாக அடித்தால்தான் உள்ளே விடும்.

“வீட்டுக்குள்ள எதுக்குங்க பாஸ்வேர்டு?” என்றாள் அல்போன்சம்மாள்.

“கம்பெனி ரகசியம்.”

“கப்பல்ல என்ன ரகசியம்? கடல்ல ஊரே பாக்கத்தானே நிக்குது?”

அன்றிலிருந்து அவள் என்னைச் சந்தேகப்பட்டாள். அவள் சந்தேகப்படுவதை நான் சந்தேகப்பட்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை. திங்கட்கிழமை ஒரு கப்பலின் வரைபடத்தை மேனேஜரிடம் கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் கம்ப்யூட்டரைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். கூடவே என்னையும் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். உட்கார்ந்தேன். பேரை அடித்தேன். பாஸ்வேர்டை அடித்தேன். திரை கறுத்தது. ஒரு சிமிட்டு. மறுபடியும் அதே பெட்டி. பேர் என்ன என்று கேட்டது.

மறுபடி அடித்தேன். கறுத்தது. கேட்டது.

தப்பான பாஸ்வேர்டு என்றால் தப்பு என்று சொல்லும். இது சொல்லவில்லை. வாசல் வரை கூப்பிட்டு, உள்ளே எட்டிப் பார்க்கவிட்டு, கதவைச் சாத்தியது. கீபோர்டைத் தலைகீழாகத் தட்டினேன். பிஸ்கட் தூள் விழுந்தது. அது என்னுடையது. கூடவே ஒரு பச்சை நூல் விழுந்தது. அது என்னுடையது இல்லை.

“அல்போன்சா! இது என்ன?”

“நூல்.”

“கீபோர்டுக்குள்ள எப்படி வந்துச்சு?”

“ஃபேன் போட்டா பறக்கும்லா.”

நூலிழை அளவு ஆதாரம்தான். பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் நண்பன் இயேசுதாசனுக்குப் போன் போட்டேன்.

“டிஸ்க் நிறைஞ்சிருக்கும்யா,” என்றான். “படம் வர்ற பெட்டி வழியா உள்ள போறப்ப அது டிஸ்க்குல கொஞ்சம் எழுதும். எழுத இடமில்லன்னா உன்னை வெளிய தள்ளிடும். வெறும் எழுத்துத் திரை வழியா உள்ள போய், வேண்டாததை அழி.”

“எழுத்துத் திரை வழியா உள்ள எப்படிப் போறது?”

அவன் பதில் சொல்வதற்குள் அடுப்பங்கரையிலிருந்து குரல் வந்தது: “பாஸ்வேர்டு அடிச்சுட்டு, என்டருக்குப் பதிலா எஃப் ஒன்னை அமுக்குங்க!”

போனை வைத்துவிட்டேன்.

“அது உனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியும்.”

“எப்படி?”

அவள் வாயைத் திறக்குமுன் வாசலில் மணி அடித்தது. பக்கத்து வீட்டு நஃபீசா.

“அண்ணே, அக்கா இருக்காங்களா? என் ரவிக்கை கம்ப்யூட்டர்ல ரெடியா இருக்குன்னாங்க. கை மட்டும் கொஞ்சம் நீளமா வைக்கச் சொல்லணும்.”

ஆகா! மாட்டினாள். பையிலிருந்த நூலை எடுத்து நீட்டினேன். நஃபீசா அதைப் பார்த்துவிட்டு, “இந்தப் பச்சை வேணாம் அண்ணே, இன்னும் கொஞ்சம் அடர்த்தியா,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

“கம்பெனிக் கம்ப்யூட்டர்ல ரவிக்கையா?” என்று நான் முழங்கினேன்.

“தைக்கிற ரவிக்கைக்குப் பேப்பர்ல மாதிரி வெட்டினா ஆளுக்கு ஆள் புதுசா வரையணும். இதுல கழுத்தை மட்டும் இறக்கினா போதும். நல்ல மெஷின்ங்க. நீங்கதான் அதுல கப்பல் வரைஞ்சு வீணாக்குறீங்க.”

“பாஸ்வேர்டு எப்படிக் கிடைச்சுது?”

“நீங்க அடிக்கிறப்ப ஒவ்வொரு எழுத்தா வாய்விட்டுச் சொல்றீங்க. நஃபீசாவுக்கே தெரியும். எஃப் ஒன்னும் அப்படித்தான். பெட்டியோட வந்த புஸ்தகத்தை நீங்க ராகம் போட்டுப் படிச்சீங்கல்ல?”

இந்த இடத்தில் நான் சற்று உட்கார்ந்தேன். ஆனாலும் நியாயம் என் பக்கம். “உன் ரவிக்கைதான் டிஸ்க்கை நிரப்பியிருக்கு. எல்லாத்தையும் அழி. இப்பவே!”

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எஃப் ஒன்னை அமுக்கினாள். கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓடின. நான் கைகட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றேன். கல்யாணமாகி முதல் முறையாக நான் ஒன்று சொல்லி அவள் செய்கிறாள். கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

“ஆச்சு. இப்ப படம் வர்ற பெட்டியிலயே நானே போறேன் பாருங்க.”

திரை கறுத்தது. சிமிட்டியது. உள்ளே விட்டது! என் கப்பல் முழுசாக நின்றது. பக்கத்திலேயே வரிசையாக நஃபீசா, அன்னம்மா, ரத்தினம்மா என்று அத்தனை பேரின் ரவிக்கைகளும் நின்றன.

“இதெல்லாம் அழிக்கலையா?”

“ரவிக்கை எல்லாம் சேர்ந்து ஒரு மூலைகூட அடைக்கலைங்க. உங்க கப்பல்தான் அடைச்சுச்சு. ஒரே கப்பலை மூலைக்கு மூலை ஒளிச்சு வச்சிருந்தீங்க. யார் திருடப் போறா?”

உண்மைதான். அவள் எதையாவது அழித்துவிடுவாளோ என்ற பயத்தில், ஒவ்வொரு நாளும் ஒரு புதுப் பேரில் முழுப் படத்தையும் இன்னொரு நகல் எடுத்து வைத்தேன். நேற்று சாயங்காலம் எடுத்த நகலில் டிஸ்க்குக்கு மூச்சு முட்டியிருக்கிறது.

“ஒண்ணை வச்சுட்டு மத்ததை அழிச்சுட்டேன். பழுது பாக்கப் போறது ஒரு கப்பல். ரவிக்கை ஆளுக்கு ஒண்ணு வேணும்லா?”

சரி, இனிமேல் வாயை மூடிக்கொண்டு அடிப்போம், இன்றைக்கே புதுப் பாஸ்வேர்டு வைப்போம் என்று மனசுக்குள் முடிவு கட்டிக்கொண்டு நாற்காலியை இழுத்தேன். அதற்குள் அவள் உள்ளிருந்து வெளியேறியிருந்தாள்; திரையில் மறுபடியும் பேர் கேட்கும் அதே பெட்டி.

“பாஸ்வேர்டை நானே மாத்திட்டேங்க,” என்றாள் அல்போன்சம்மாள், அடுப்பங்கரைக்குப் போய்க்கொண்டே. “திங்கக்கிழமை வேலை முடியணும்னா கூப்பிடுங்க, வந்து அடிச்சுத் தர்றேன்.”