விமானத்துக்குக் கால் பார்த்த ஸ்பிரிங் பாய்

உலகத்தில் உயிருள்ளது, உயிரற்றது என்று இரண்டு வகை உண்டென்பதை ஸ்பிரிங் பாய் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. அவருக்கு வகை வேறு: அமுக்கினால் எழுந்திருப்பது, எழுந்திருக்காதது. லாரி, கட்டில், கல்யாண மாப்பிள்ளை எல்லாம் அதற்குள் அடக்கம்.

ஐம்பதுகளில் ஓசூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டி அவர் பட்டறை. லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை கட்டுவது தொழில். பக்கத்துப் பஸ் கம்பெனியில் நான் டிக்கெட் குமாஸ்தா. எதிரே வந்தால் சலாம் கிடையாது. நம் இரு தோளிலும் கை வைத்து ஓர் அமுக்கு அமுக்கி, நாம் எழும் விதத்தைத் தலை சாய்த்துப் பார்ப்பார்.

“எடது பக்கம் தொங்குது தம்பி. தூக்கமில்லியா?”

ஒருமுறை தாசில்தாரையே அமுக்கிவிட்டார். “லோடு ஜாஸ்திங்க. கொஞ்சம் எறக்கிக்குங்க.” தாசில்தார் அன்று மதியம் சாப்பிடவில்லை என்று கேள்வி.

ஒரு வருஷம் ஆவணியில், தண்ணீரில்லாத எங்கள் ஏரிக்குள் ஒரு விமானம் இறங்கியது. யுத்தத்துக்கு முந்தியது, இரண்டு பேர் உட்காரலாம், துணி போர்த்திய இறக்கை. ஓட்டிவந்த பெங்களூர்க்காரருக்கு வீடு, வாசல், குடும்பம் எல்லாமே அதுதானாம். பழுதான எஞ்சினைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். மற்றதெல்லாம் நின்றது. விடியற்காலைப் பனியில் பார்த்தால், யாரோ கண்ட கனவைத் திரும்ப எடுத்துப்போக மறந்துவிட்டதுபோல் இருக்கும்.

ஆயுதபூஜை வந்தது. சைக்கிள் பம்புக்கும் பொட்டு வைக்கிற ஊர் விமானத்தை மட்டும் விட்டுவிடுமா? கும்பிடுவதென்றால் காலில் தொடங்குவதுதானே மரியாதை! சக்கரத்துக்கு மேல், தடித்த குழாய்க்குள்ளிருந்து ஒரு மெல்லிய குழாய் வெள்ளிபோல் மின்னிக்கொண்டு இறங்கும். அமுங்கி எழும் அந்த முழங்காலில் மஞ்சள், சந்தனம், பால், பானகம். வேப்பனப்பள்ளியிலிருந்து வண்டி கட்டி வந்தவர்கள் எலுமிச்சையும் பிழிந்தார்கள்.

ஐப்பசியில் எஞ்சினோடு திரும்பிய பைலட் அதைப் பூட்டிவிட்டு விமானத்தை உலுக்கினார். அசையவில்லை. துருவும் வெல்லமுமாக இரண்டு காலும் இறுகிப்போயிருந்தன.

“இந்தக் கால் அமுங்கலேன்னா, ஓடறப்போ மேடு பள்ளத்துல ரெக்கையே பிச்சுக்கும். யாருரீ இப்படிப் பண்ணது?”

கூட்டம் வானத்தைப் பார்த்தது.

“எல்லாருந்தாங்க,” என்றார் பாய். “பானகம் மட்டும் எங்க பட்டறையிலிருந்து ரெண்டு கொடம்.”

அந்நேரம் தலையாரி ஓடிவந்தார். “மேல் ஏரி தளும்புது! நாளைக்கு ரொம்பி வழிஞ்சு கோடி போயிரும். அந்தத் தண்ணி பூராவும் இங்கதான் வரும்!”

கரையேற்றலாமென்றால் ஒருபுறம் உயர்ந்த மண்கரை, மற்றப் புறமெல்லாம் மாந்தோப்பு, இறக்கை நுழையாது. வெளியேற வானம் ஒன்றுதான் வழி. பைலட் சக்கரத்தின் மேல் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பாய் விமானத்தின் தோளை அமுக்கிப் பார்த்தார். எழவில்லை. அவர் முகம் சுண்டியது.

“உள்ள எத்தினி பட்டைங்க?”

“பட்டையே இல்ல பாய். எண்ணெயும் காத்தும்தான்.”

“காத்தா! காத்தை நம்பியா இம்மாம் பெரிய சாமான் நிக்குது?”

அந்தக் குழாயை அவர் தொட்ட விதம், தூங்கும் குழந்தைக்குக் காய்ச்சலா என்று பார்ப்பதுபோலிருந்தது.

வயிற்றுக்கடியில் ராகி மூட்டைகளை அடுக்கி விமானத்தைத் தூக்கி நிறுத்தினோம். காற்றைத் திறந்துவிட்டார் பைலட். சூடு காட்ட பாய் ஊது விளக்கைப் பற்றவைத்ததும், பைலட் துணி இறக்கையை மறைத்து நின்று, “பேடா, பேடா! நெருப்பு வேணாம்!” என்று அலறினார். பாய் நேரே டீக்கடைக்குப் போய்ப் பாய்லரைத் தூக்கினார்.

“ஏய் பாய், என் பொழப்பை எங்க தூக்கினு போற?”

“கால் புடிச்சுக்கிச்சு மாஸ்டரு. ஒத்தடம் குடுக்கணும்.”

“யாருக்கு?”

“விருந்தாளிக்கு.”

கொதிநீரில் நனைத்த கோணியைச் சுற்றிச் சுற்றி ஒத்தடம். கன்னடத்தில் கொஞ்சினார், தெலுங்கில் திட்டினார். வெல்லம் கரைந்து ஒழுகியது; கூடவே எறும்புகள். சாயங்காலம் ஒரு கால் நகக்கண் அளவு அசைந்தது. அப்புறம் வழுக்கிக்கொண்டு கையில் வந்தது. துருவைத் தேய்த்தெடுத்தார். உள்ளே கிழிந்திருந்த தோல் வளையத்துக்குப் பதிலாக, நீர் இறைக்கும் கிணற்றுச் சாலின் தோலை வெட்டி, விளக்கெண்ணெயில் ஊறவைத்துப் போட்டார். மறுநாள் காலையில் அடுத்த கால்.

எண்ணெயும் காற்றும் ஏற்றி முடித்தபோது தண்ணீர் வந்துவிட்டது. அவசரமே இல்லாமல், சொந்த வீட்டுக்குத் திரும்புகிறவரைப்போல.

பாய் அமுக்கினார். விமானம் பெருமூச்சு விட்டு அமுங்கி, மெல்ல எழுந்தது.

பைலட் அவர் கையைப் பிடித்தார். “இன்னொரு சீட் இருக்கு, ஏறுங்க பாய்! பெங்களூர்ல எறங்கி பஸ்ஸுல வந்துருங்க.”

பாயின் கண்ணில் அந்த வானம் முழுவதும் ஒரு நொடி வந்து நின்றது. பிறகு தலையை ஆட்டினார்.

“நான் மேல குந்திக்கினா, காலை யாரு பாக்கறது?”

விமானம் ஓடியது. லுங்கியை வரிந்துகொண்டு, குனிந்தபடியே பாயும் பக்கவாட்டில் ஓடினார். மேட்டில் கால்கள் அமுங்கின, பள்ளத்தில் எழுந்தன, தண்ணீர் இருபுறமும் தெறித்தது. சக்கரம் தரையை விட்டதும் இரண்டு காலும், இடுப்பில் தூக்கிய குழந்தையின் கால்போல், மெதுவாகக் கீழே நீண்டன.

“நீட்டிருச்சு! காலை நீட்டிருச்சு தம்பி!”

முழங்கால் தண்ணீரில் நின்று கத்தினார். கரையிலிருந்த ஊரே அண்ணாந்து பார்த்தது. விமானம் எந்த மேகத்துக்குள் நுழைந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் பாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.