அடக்கத்தன்று நெட் போன விவரம்

அன்புள்ள மகன் அமலுக்கு, இயேசுவுக்குப் புகழ் சொல்லிச் சித்தப்பா சவரிமுத்து எழுதிக்கொள்வது. இங்கே உன் அப்பாவைத் தவிர அனைவரும் நலம்.

நீ போனை எடுப்பதில்லை என்பதால் கத்தார் திரும்பும் ரபீக்கிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். லீவு கிடைக்காத உனக்கு அப்பா முகத்தைக்கூடக் காட்டாமல் வேண்டுமென்றே வயரைப் பிடுங்கிவிட்டோம் என்று அம்மாவுக்கு எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததிலிருந்து அண்ணி சரியாகச் சாப்பிடுவதில்லை.

நடந்ததைக் கேள். சங்கராபுரத்திலிருந்து குளிர்பெட்டி வந்து, அண்ணனைக் கிடத்தி, எதிரே கேமராவும் லேப்டாப்பும் வைத்து, நீயும் அழுதுகொண்டே முகம் சரியாகத் தெரியவில்லை என்றாய், அடுத்த நிமிஷம் நெட் பெட்டியில் சிவப்பு விளக்கு, மலையடிவாரத்தில் செல்போன் டவரும் எடுக்காது, அந்த ஃபைபர் வயரை விட்டால் கதியில்லை, கேபிள்காரன் ராபினைக் கூப்பிட்டேன், கம்பத்தில் ஏறி மீட்டர் வைத்துவிட்டு, வயருக்குள் நெட்டைக் கொண்டுவரும் வெளிச்சம் அதுவரைக்கும் ஒழுங்காக வருகிறது என்றான், அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு, "வூட்டுக்குள்ள ஒரு வாட்டி வயரப் பாக்கணுங்க" என்றான், கூடம் நிறையப் பொம்பளைங்க பெட்டியைச் சுற்றி அழுதுக்கினு இருக்காங்க, எனக்கு வந்ததே கோபம், "பொணம் கெடக்கற எடத்துல ஒனக்கு இன்னாடா வேல, ரோட்டப் போய்ப் பாரு" என்று துரத்தினேன், அவனும் ஜேசிபி தோண்டிய இடமெல்லாம் குனிந்து பார்த்துக்கொண்டே மலைப்பாதையில் போனான், அதற்குள் ஃபாதர் வந்துவிட்டார். அண்ணனை எடுத்தோம். நாங்கள் தெருமுனை தாண்டும்போது உனக்கு நெட் வந்திருக்கிறது. நீ பார்த்தது காலி நாற்காலிகளும், பக்கத்து வீட்டுப் பெரியம்மாள் கூடம் கழுவியதும்தான்.

எல்லாம் ராபின் செய்த வேலை. தொழில் தெரியாதவன். மேலிடத்துக்குப் புகார் எழுதப் போகிறேன். அம்மா மேல் ஒரு தப்பும் இல்லை. கோபத்தை விட்டுப் பேசு.

வேளைக்குச் சாப்பிடு. மாதா துணையிருப்பாள்.

ஆசிகளுடன்,
சித்தப்பா

பி.கு.: ராபினைப் பற்றி மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படி. இன்று அவன் வந்து கூடத்துச் சுவரோரம் பார்த்தான். வயரில் குளிர்பெட்டிச் சக்கரத்தின் தடம் இருக்கிறது. "சக்கரம் ஏறி மடங்கிக்கினு இருந்தா வெளிச்சம் எப்படிங்க வரும்?" என்றான். கூடம் கழுவக் குளிர்பெட்டியைத் தூக்கியதும் நெட் வந்துவிட்டது. முகம் தெரியவில்லை என்று நீ சொன்னதும், பெட்டியைச் சுவரோரம் தள்ளியது உன் அம்மா. கேமராவுக்கு நேராக இருக்கட்டும் என்றார். அவரிடம் இதைச் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. பழி தன் மேலேயே இருக்கட்டும் என்கிறான் ராபின். இதைப் படித்ததும் வீட்டுக்குப் போன் பண்ணி அவனைத் திட்டு. அம்மா காதில் விழும்படி திட்டு.