ஞாயிற்றுக்கிழமை பூட்ஸ்

அன்பும் அதட்டலும் ஒருங்கே அமைந்த அக்காவின் சமூகத்துக்குத் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நான் சௌக்கியம். அத்தானின் முழங்கால் வலியும் குழந்தைகளின் பரீட்சையும் நல்லபடி முடிந்திருக்கும் என நம்புகிறேன்.

முதலில் ஒன்று: ஞாயிற்றுக்கிழமைகளில் தயவுசெய்து போன் செய்யாதே. அன்று எனக்கு மூச்சுவிட நேரம் கிடையாது. "அங்க பேச்சுத் துணைக்கு யார்டா இருக்கா?" என்று நீ கேட்டதற்கும் இதுதான் பதில்.

இங்கே கடல் மீன் பண்ணைகள் இரண்டு, குன்றுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இந்தப் பக்கத்துக் கொடுவா மீன்களுக்கு உடம்பெல்லாம் புண் வந்ததால், வெள்ளிக்கிழமைதோறும் நான் போய் ஆய்வுக்கு மாதிரி எடுத்தேன், ஒரே மாதத்தில் அந்தப் பக்கத்து மீன்களும் சாகத் தொடங்கின. இரண்டு இடத்துக் கிருமிகளின் மரபணு முழுவதையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். ஐம்பது லட்சம் எழுத்தில் வித்தியாசம் இரண்டே இரண்டு, அதாவது இங்கிருந்து அங்கே போன அதே கிருமி. மேலதிகாரி மேசையைத் தட்டி, "யாரோ ரெண்டு பண்ணைக்கும் போய்ட்டு வர்றான். அவன் யாருன்னு ரிப்போர்ட்ல எழுதுங்க" என்றார். எல்லாரும் தீவன லாரி டிரைவரைச் சொன்னார்கள், நானும் தலையை ஆட்டினேன். ஆட்டியிருக்கக் கூடாதுதான், ஏனென்றால் அக்கா, ஞாயிற்றுக்கிழமையானால், வெள்ளிக்கிழமை போட்ட அதே பூட்ஸோடு அந்தப் பக்கத்துப் பண்ணைக்குப் போவது நான். காவலாளியும் அவர் மனைவியும் கூண்டுகளுக்கு நடுவே மிதக்கும் பலகையில் உட்கார்ந்து என்னோடு சீட்டு விளையாடுவார்கள், கழுதை ஆட்டம், தோற்றவன் கழுதை, ஆறு வாரமாக நானே கழுதை. "வாங்க கழுத சார், டீ ஆறுது!" என்று அந்தம்மா தூரத்திலேயே கூப்பிடும்போது, வாசலில் கிருமி கொல்லும் மருந்துத் தண்ணீரில் பூட்ஸோடு பத்து நிமிடம் நிற்க எந்த மடையனுக்கு மனசு வரும்? 'பத்து நிமிடம் நிற்கவும்' என்று போர்டு எழுதி மாட்டிய மடையனும் நான்தான். மற்ற நாளெல்லாம் என்னிடம் குரல் கொடுப்பது ஆய்வுக்கூடத்து ஃபிரிட்ஜ் மட்டுமே, அதுவும் கதவைச் சரியாக மூடாவிட்டால். ரிப்போர்ட்டில் உண்மையை எழுதினால் எந்தப் பண்ணையிலும் என்னை விடமாட்டார்கள். எனக்கு இருக்கறதே அந்த ஒரு மத்தியானம்தான்க்கா. அதனால டிரைவர் பேரையே எழுதிடப் போறேன், திட்டாத.

அத்தானுக்கு வணக்கம். குழந்தைகளுக்கு மாமாவின் ஆசி.

இப்படிக்கு,
மூச்சுவிட நேரமில்லாத தம்பி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அந்த டிரைவரே வந்துவிட்டார். "நான் வாசல்லயே மூட்டைய இறக்கிட்டுத் திரும்பிடுவேன் சார். ஞாயித்துக்கிழமையெல்லாம் நீங்கதான உள்ள இருப்பீங்க, என்னை ஒரு நாளாவது பாத்திருக்கீங்களா? அதை மட்டும் எழுதிக் குடுங்க சார்" என்றார். எழுதிக் கொடுத்தேன், கிருமியைக் கொண்டுபோனவன் என்று ரிப்போர்ட்டில் என் பெயரையும் சேர்த்து. இந்த வாரமும் கழுதை நானே. பூட்ஸைக் கொளுத்தியாயிற்று, பண்ணைகளுக்குப் போகத் தடை. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு அக்கா. முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன்.