உள்ளானுக்கு எடுத்த விழா

கடற்கரைப் பாதுகாப்பு அலுவலகத்துல பாதுகாப்புக்கு ஒரு குறையும் இல்ல. வாசல்ல கேட்டு, உள்ள கதவு, கதவுக்குள்ள கண்ணாடித் தடுப்பு, அதுக்குப் பின்னால அதிகாரி. கடல் மட்டும்தான் திறந்து கிடந்துச்சு.

கண்ணாடிக்கு முன்னாடி போய் நின்னா சரவெடி. காலேஜ்ல அவளுக்கு அதான் பேரு. வாயைத் திறந்தா மூட மாட்டா. அதிகாரி அவளோட சொந்தத் தாய்மாமன். ஆனா ஆபீஸ்ல உறவு கொண்டாடுறதில்லன்னு ரெண்டு பேருக்கும் ஒரு வீராப்பு.

"சார், பனி நாட்டுலேர்ந்து உள்ளான் பறவைங்க வந்து நம்ம கரைச்சேத்துல இறங்கியிருக்கு. சேத்துக்குள்ள இருக்கிற மட்டிச் சிப்பியைத் தின்னு கொழுத்தாதான் மறுபடி கடல் தாண்ட முடியும். அந்த மட்டியை மிஷின் வெச்சு லாரி லாரியா அள்ளுறாங்க. தடை போடுங்க."

"எதுக்கு அள்ளுறாங்கன்னு விசாரிச்சீங்களா?"

"கோழித் தீவனத்துக்கு."

"அப்ப பறவைக்குத்தானேம்மா போகுது?"

சரவெடி கண்ணாடியைத் தட்டினா. "மாமா! உள்ளான் பட்டினி கிடக்குது!"

"சார்னு சொல்லு. பறக்குதில்ல?"

"பறக்குது."

"அப்ப பட்டினி இல்ல."

"செத்து விழுந்தா?"

"செத்தது சுகாதாரத் துறை. எங்களுக்கு அதிகாரம் கிடையாது. பறக்காம, சாகாம, நடுவாந்தரமா ஒண்ணு கொண்டு வா. அன்னிக்கே தடை."

"நான் மக்கள்கிட்ட போறேன்! விழிப்புணர்வு உண்டாக்குறேன்!"

அதிகாரி முகத்துல அப்படி ஒரு வெளிச்சம். "இதை முதல்லயே சொல்லக் கூடாதா? விழிப்புணர்வுன்னா நாங்களே பந்தல் போடுவோமே!"

போட்டாங்க. ஊரே பறவை படம் போட்ட பனியன்ல வந்து குவிஞ்சுது. தலையில அலகு வெச்ச தொப்பி. 'வெறுங்காலோட சேத்துல நடந்தாதான் பறவையோட கஷ்டம் புரியும்'னு ஒரு யோசனை. சரவெடியோடதுதான், வேற யாரையும் குத்தம் சொல்ல முடியாது. மிஷின் விட்டுவெச்ச மட்டியெல்லாம் காலடியில நறநறன்னு நொறுங்கிச்சு.

சரவெடி மேடையேறி மைக்கைப் பிடிச்சா. "பறவைகளை நிம்மதியா விடுங்க!"ன்னு தொண்டை கிழியக் கத்தினா. கூட்டமும் சேர்ந்து கத்துச்சு. உதறின போர்வை மாதிரி மொத்த உள்ளான் கூட்டமும் எழும்பி வானத்துல போயிடுச்சு. செல்ஃபிக்காகப் பறவைக்கு முதுகு காட்டி நின்ன ஜனம் அதைக் கவனிக்கல. அவ மட்டும் பார்த்தா. பார்த்துக்கிட்டே இன்னொரு தடவை கத்தினா. பேச்சு பாதியில நின்னா மரியாதையா இருக்காதே.

மறுநாளே தடையாணை வந்துடுச்சு. ஆபீசுக்கு ஓடினா.

"உள்ளான்களின் அமைதிக்குப் பங்கம் விளைவிக்கும் மாணவர்கள், ஆர்வலர்கள், ஒலிபெருக்கி ஏந்துவோர் கரைச்சேற்றில் நுழையத் தடை"ன்னு மாமா கணீர்னு படிச்சார்.

"மிஷின்?"

"அது வருஷக்கணக்கா ஓடுது, ஒண்ணாச்சும் பயந்து ஓடுச்சா? பழகிடுச்சும்மா. உன் குரலுக்குத்தான் பழகல. ஊரே சாட்சி. நிம்மதியா விடச் சொன்னது யாரு? நீதானே!"

சரவெடி விருட்டுன்னு வெளிய வந்தா. நேரா கரைக்குப் போனா. தடுப்புக் கயித்துக்கு அந்தப் பக்கம் லாரி நிக்குது. மிஷின் சிந்தின மட்டியைக் கொத்த நாலஞ்சு உள்ளான் திரும்பி வந்திருக்கு.

"யோவ், நிறுத்துங்கய்யா!"ன்னு கத்தினா.

அதுங்களும் பறந்துடுச்சு. லாரி டிரைவர் தலையை வெளிய நீட்டினார்.

"ஏம்மா, உனக்கெல்லாம் கொஞ்சமாச்சும் இரக்கம் இருக்கா? இப்பதான் பாவம், சாப்பிட வந்து இறங்குச்சு!"